பனியாற்றை அளந்த அக்கா

1887ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரிலிருந்து ஒரு குவேக்கர் குடும்பம் கனடாவின் மேற்கு மலைகளைப் பார்க்க ரயிலேறியது. அப்பா, இருபத்தாறு வயது மகள், இரண்டு மகன்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் செல்கர்க் மலைத்தொடரில், ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த 'கிளேசியர் ஹவுஸ்' என்ற ஓட்டலில் தங்கினார்கள். பக்கத்திலிருந்த இல்லிசிலவெட் பனியாற்றைப் படம் எடுத்தார்கள். அப்போது அந்தப் பனியாற்றின் நாக்கு பள்ளத்தாக்கின் மரங்களை நெருங்கிக் கிடந்தது. ஓட்டலில் காலை உணவை முடித்துக்கொண்டு நடந்தே போய்ப் பனியைத் தொட்டுவிட்டு வரலாம்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1894இல் அவர்கள் திரும்பி வந்தபோது பனி பின்வாங்கியிருந்தது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சுற்றுலாப் பயணிகளாக வந்தவர்கள் அதன்பின் அளப்பவர்களானார்கள். வட அமெரிக்காவில் ஒரு பனியாற்றைத் தொடர்ந்து பல ஆண்டுகள் கவனித்துப் பதிவுசெய்த மிகப் பழைய முயற்சிகளில் அது ஒன்று. இன்றும் பருவநிலை ஆய்வாளர்கள் அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இன்றைய பனியைப் பார்க்கிறார்கள்.

அந்த மகளின் பெயர் மேரி வாக்ஸ். தம்பிகள் ஜார்ஜ், வில்லியம். ஜார்ஜ் வழக்கறிஞர், வில்லியம் பொறியாளர். தொடக்கத்தில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர்களாக இருப்பவை தம்பிகள் இருவரின் பெயர்கள். மேரி அவர்களுடைய அக்கா.

இந்தக் கட்டுரை அந்த அக்காவைப் பற்றியது. அவர் நடந்த பாதையில் ஒரு பகல் முழுக்க நான் தனியே நடந்ததைப் பற்றியதும்கூட. ஆனால் அவர் தனியாக நடக்கவில்லை. நானும் முழுக்கத் தனியாக நடக்கவில்லை என்பது நடந்து முடித்தபோது புரிந்தது.

வீடும் மலையும்

மேரி 1860இல் பிறந்தவர். இருபது வயதை எட்டும் நேரத்தில் அம்மா இறந்துபோனார். அப்பாவையும் இரண்டு தம்பிகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கடைசித் தம்பி வில்லியமுக்கு அப்போது எட்டு வயதுகூட நிரம்பியிருக்காது. தம்பிகள் கல்லூரிக்குப் போனார்கள். மேரி வீட்டை நடத்தினார், குடும்பத்தின் பால் பண்ணையை நடத்தினார். மூத்த பெண்ணுக்கு அம்மா இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் வாசகியருக்கு விளக்க வேண்டியதில்லை. பணக்கார வீடாக இருந்ததால் வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த வீட்டிலிருந்து ஆண்டுக்குச் சில வாரங்கள் வெளியே வருவதற்கு மலை ஒரு காரணமாக அமைந்தது. காரணம் என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். ஒரு பெண் 'சும்மா' வெளியே போக முடியாது. கோயிலுக்கு, கடைக்கு, பிரசவம் பார்க்க, துக்கம் கேட்க என்று போகும் இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். மேரிக்குக் கிடைத்த பெயர் அறிவியல். அதையும் தம்பிகளின் வேலைக்குத் துணை என்ற வடிவில்தான் வீடு முதலில் ஏற்றுக்கொண்டது.

அவர் அந்தக் காரணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கோடைக்குக் கோடை வந்தார். கண்ணாடித் தகடுகளைக் கழுவிப் படமாக்கும் வேலையைப் பெரும்பாலும் அவரே செய்தார். மாய விளக்குக் காட்சிகளுக்கான சில்லுகளுக்குத் தன் கையாலேயே வண்ணம் தீட்டினார். 1900இல், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 3,199 மீட்டர் உயரமுள்ள ஸ்டீஃபன் மலையின் உச்சிக்கு ஏறினார். கனடாவில் பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட ஒரு மலையில் ஏறிய முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் மலையேறுவது ஆண்களின் சங்கங்களுக்கு உரிய விஷயமாக இருந்தது. 1857இல் லண்டனில் தொடங்கிய ஆல்பைன் சங்கம் பெண்களை உறுப்பினராக்கியது 1974இல்தான். சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் சங்கம் 1907இல் பெண்களுக்குக் கதவை மூடி, 1980இல் திறந்தது. இவற்றோடு பார்த்தால் 1906இல் வின்னிபெக் நகரில் தொடங்கிய கனேடிய ஆல்பைன் சங்கம் வேறுபட்டது. அதை நிறுவியவர்களில் எலிசபெத் பார்க்கர் என்ற பத்திரிகையாளரும் ஒருவர். முதல் நாளிலிருந்தே பெண்கள் அதில் உறுப்பினர்கள். மேரி அதன் ஆண்டிதழில் தன் பெயரிலேயே எழுதினார்.

பாதை யாருடையது

கிளேசியர் ஹவுஸ் இப்போது இல்லை. 1925இல் மூடப்பட்டுப் பின்பு இடிக்கப்பட்டது. அஸ்திவாரக் கற்களும் சில விளக்கப் பலகைகளும் மிச்சம். பனியாற்றுக்குப் போகும் பாதை அதன் அருகிலிருந்துதான் கிளம்புகிறது. செப்டம்பர் மாதத்து வார நாள் ஒன்றில், காலை எட்டு மணிக்கு அந்தக் கற்களின் அருகே நின்று முதுகுப்பையின் வாரை இறுக்கிக்கொண்டேன்.

அங்கிருந்து நடக்கும் முன் இந்தப் பாதையை யார் திறந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். கனேடியன் பசிபிக் ரயில்பாதை 1885 நவம்பரில் இந்த மலைகளைக் கடந்து முடிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியப் பகுதியில் அதைப் போட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பாறையை வெடிவைத்துப் பிளந்தவர்களில் பலர் இறந்தார்கள். பாதை முடிந்த அதே 1885இல் கனடா சீனர்களின் வருகைக்கு 50 டாலர் தலைவரி விதித்தது. 1903இல் அது 500 டாலர் ஆனது. மனைவியை அழைத்துவரவும் அந்த வரியைக் கட்ட வேண்டும். 1923 முதல் 1947 வரை சட்டமே அவர்களின் வருகையை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தது. கடலுக்கு அப்பால் சீனக் கிராமங்களில் பெண்கள் இருபது, முப்பது ஆண்டுகள் பணவிடைக்கும் கடிதத்துக்கும் காத்திருந்தார்கள். ரயில்பாதையின் வரலாற்றில் அந்தப் பெண்களையும் சேர்த்து எழுத வேண்டும்.

1910 மார்ச் 4ஆம் தேதி இரவு, இதே ரோஜர்ஸ் கணவாயில் தண்டவாளத்தை மூடிய பனியை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது இன்னொரு பனிச்சரிவு விழுந்தது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியர்கள். அதன்பின் ரயில் நிறுவனம் மலையைக் குடைந்தது. 1916இல் சுரங்கப்பாதை திறந்ததும் கிளேசியர் ஹவுஸ் வாசலுக்கு ரயில் வருவது நின்றது. ஓட்டல் மெல்லச் செத்தது.

ரயிலுக்கு முன்பும் இது வெற்று நிலமாக இருந்ததில்லை. செக்வெப்பெம், குட்டுனாகா, சில்க்ஸ், சினிக்ஸ்ட் மக்களின் நிலங்கள் இந்த மலைகளைச் சுற்றி விரிந்திருக்கின்றன. சினிக்ஸ்ட் மக்கள் அழிந்துவிட்டார்கள் என்று கனடா அரசு 1956இல் அறிவித்தது. எல்லைக்குத் தெற்கே, அமெரிக்கப் பக்கம் உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்களைப் பற்றிய அறிவிப்பு அது. தம் முன்னோர் வேட்டையாடிய கனடா நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2021 வரை ஆனது.

மேரியின் சுதந்திரம் இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் வந்து இறங்கியது. இதைச் சொல்வது அவரைச் சிறுமைப்படுத்த அல்ல. ஒரு பெண் வீட்டைத் தாண்டிய கதையை எழுதும்போது, எதன்மேல் கால்வைத்துத் தாண்டினாள் என்பதையும் எழுதாவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

காட்டுக்குள்

பாதை முதலில் பழங்காட்டுக்குள் நுழைகிறது. மலை ஹெம்லாக், ஸ்புரூஸ், ஃபிர் மரங்கள். பலவற்றுக்குச் சில நூறு வயது. அடிமரத்தைக் கட்டிப்பிடித்தால் என் இரண்டு கைகளும் சந்திக்கவில்லை. கிளைகளிலிருந்து சாம்பல்பச்சை நிறத்தில் மரப்பாசி தாடிபோலத் தொங்குகிறது. விழுந்து மட்கும் மரத்தின் முதுகில் சின்னக் கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. ஓரங்களில் 'டெவில்ஸ் கிளப்' என்ற பெரிய இலைச் செடி. தண்டு முழுக்க முள். பிடிமானத்துக்கு அதைப் பிடித்தவர்கள் மறுபடி பிடிக்க மாட்டார்கள். இடதும் வலதும் எங்கோ ஆறு இரைந்துகொண்டே இருந்தது.

"தனியாகவா?" என்று கிளம்புவதற்கு முன் கேட்டவர்களில் யாரும் மரத்தையோ ஆற்றையோ பற்றிக் கேட்கவில்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா கேட்டார், தங்கியிருந்த விடுதியின் வரவேற்பில் இருந்த பெண்ணும் கேட்டார். ஒரே கேள்வி, இரண்டு மொழிகளில். அதற்குள் ஒளிந்திருப்பது கரடி பற்றிய பயம் மட்டும் அல்ல என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாதைத் தொடக்கத்தில் நின்றிருந்த ஒற்றைக் காரையும் அதன் அருகே காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ஆணையும் பார்த்தபோது, அவர் முன்னே போகட்டும் என்று பத்து நிமிடம் விளக்கப் பலகைகளைப் படித்தேன். அவர் தலையசைத்துவிட்டு வேறு பாதையில் போனார். அவர் எந்தக் கணக்கும் போட்டிருக்க மாட்டார். நான் போட்ட கணக்குப் பிறந்ததிலிருந்து எனக்குச் சொல்லித்தரப்பட்டது.

கரடிக்கான கணக்கு வேறு. அதைத் திடுக்கிட வைக்கக் கூடாது. ஆகவே நடப்பவர்கள் சத்தம்போட்டுக்கொண்டே போக வேண்டும் என்று பூங்காவின் அறிவிப்புகள் சொல்கின்றன. கை தட்டலாம், பாடலாம், கூப்பிடலாம். நான் தமிழில் பேசிக்கொண்டே நடந்தேன். சந்தை விலை, பள்ளியில் படித்த வாய்ப்பாடு, தங்கையிடம் சொல்லாமல் விட்ட பதில்கள் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். தெருவில் பெண்பிள்ளையின் குரல் உயரக் கூடாது, சிரிப்பு வாசலைத் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். இங்கே குரலை உயர்த்துவதுதான் பாதுகாப்பு. அரை மணி நேரத்துக்குப் பின் என் குரலின் உண்மையான அளவு என்ன என்று எனக்கே தெரிந்தது.

கால்களுக்கு வசதியான காற்சட்டை போட்டிருந்தேன். மேரியின் காலத்துப் பெண்கள் பலர் ஓட்டலின் கண்பார்வையைக் கடந்த பிறகே பாவாடையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, உள்ளே அணிந்திருந்த முழங்கால் காற்சட்டையோடு மலையேறினார்கள். திரும்பும்போது மறுபடி அணிந்துகொண்டு ஓட்டலுக்குள் நுழைவார்கள். கல்லூரிப் பேருந்து வந்ததும் துப்பட்டாவைச் சரிசெய்த தலைமுறைக்கு இது புரியும்.

எப்படி அளந்தார்கள்

ஒரு இடத்தில் காடு மெலிகிறது. மரங்கள் குட்டையாகின்றன, ஆல்டரும் வில்லோவும் வருகின்றன, அப்புறம் பாறைகள். இங்கிருந்து மேலே போகப் போக நிலத்தின் வயது குறைகிறது. பனி விட்டுப்போய் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளான இடத்தில் மரங்கள் நிற்கின்றன, அதற்குப் பின் வெளிப்பட்ட இடத்தில் புதர்கள், இன்னும் அண்மையில் வெளிப்பட்ட பாறையில் பூஞ்சைப்பாசி மட்டும். பனியாறு ஒரு காலத்தில் தள்ளிக்கொண்டுவந்து விட்டுப்போன கற்குவியல்களின் மேல் பாதை ஏறி இறங்குகிறது. வழவழப்பான பாறைகளில் ஒரே திசையில் கீறல்கள். பனியின் அடியில் சிக்கிய கற்கள் பாறையைத் தேய்த்த தடம் அது. ஓடைநீர் பால் கலந்ததுபோல் இருக்கிறது. பனி அரைத்த பாறைமாவு அது.

வாக்ஸ் குடும்பத்தின் அளவை முறை எளிமையானது. அசையாத ஒரு பாறையில் குறி இடுவார்கள். அந்தக் குறியிலிருந்து பனியின் நுனிவரை எவ்வளவு தூரம் என்று ஆண்டுதோறும் அளப்பார்கள். ஒரே இடத்தில் காமிராவை நிறுத்தி, ஒரே கோணத்தில் படம் எடுப்பார்கள். பனி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அறிய, அதன் குறுக்கே உலோகத் தகடுகளை வரிசையாக வைத்து, அவை எத்தனை தூரம் இறங்கியிருக்கின்றன என்று பிறகு பார்ப்பார்கள். இதற்கு வேண்டியது ஒன்றுதான்: திரும்பத் திரும்ப வருவது. ஒரு முறை எடுத்த படம் நினைவுப்பொருள். பல முறை எடுத்தால் அது சான்று.

திரும்பத் திரும்பச் செய்வது வீட்டுவேலையின் இயல்பும்கூட. நேற்று கறந்த பாலின் அளவு, இன்று கறந்த பாலின் அளவு, எந்த மாடு குறைத்திருக்கிறது, ஏன் என்று பண்ணைக் கணக்கை நடத்திய கை மேரியுடையது. அதே கவனம்தான் பனிக்கும் தேவைப்பட்டது. ஆனால் ஒன்றுக்குக் குடும்பக் கடமை என்று பெயர், மற்றொன்றுக்கு அறிவியல் என்று பெயர். இரண்டாவதில் கையெழுத்திட்டவர்கள் தம்பிகள்.

1908இல் வில்லியம் காசநோயால் இறந்தார். ஜார்ஜ் தன் தொழிலில் மூழ்கினார். அதன் பிறகும் சில ஆண்டுகள் மேரி வந்தார், அளந்தார், படமெடுத்தார், முடிவுகளைத் தன் பெயரில் வெளியிட்டார். 'தம்பிகளுக்குத் துணை' என்ற காரணம் போனபின்பும் வேலை நிற்கவில்லை. வேலை யாருடையதாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

யார் தனியாக?

ஆனாலும் மேரி தனியாக மலையேறியவர் அல்ல. 1899இல் ரயில் நிறுவனம் கிளேசியர் ஹவுஸுக்கு சுவிஸ் வழிகாட்டிகளை வரவழைத்தது. கயிற்றின் மறுமுனையில் அவர்களே இருந்தார்கள். ஓட்டலில் படுக்கை விரித்தவர்கள், துணி துவைத்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள் இருந்தார்கள்.

அவருடைய தோழி மேரி ஷேஃபரின் கதையும் அப்படித்தான். கணவர் இறந்தபின் மலைப் பயணங்களில் இறங்கிய ஷேஃபர், 1908இல் மலீன் ஏரியைச் சென்றடைந்தார். 'கண்டுபிடித்தார்' என்று நெடுங்காலம் எழுதினார்கள். அந்த ஏரிக்கு வழி காட்டியது, ஸ்டோனி நக்கோடா இனத்தைச் சேர்ந்த சாம்சன் பீவர் சிறுவயதில் தான் போன நினைவிலிருந்து வரைந்து கொடுத்த வரைபடம். அந்த மக்களிடம் ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அந்தப் பயண ஆண்டில்தான் ஷேஃபர் ஒரு மலைக்குத் தன் தோழியின் பெயரை வைத்தார். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் பெயரை வரைபடத்தில் ஏற்றியது மகிழ்ச்சி தருகிறது. அதே வரைபடத்திலிருந்து எத்தனை பழைய பெயர்கள் இறங்கின என்பதையும் சேர்த்தே அந்த மகிழ்ச்சியை வைத்துக்கொள்ள வேண்டும்.

பனியாற்றைப் பற்றிய அறிவு அளவுகோலில் மட்டும் இருந்ததில்லை. மானுடவியலாளர் ஜூலி குருக்‌ஷாங்க் 2005இல் வெளியிட்ட 'பனியாறுகள் கேட்கின்றனவா?' என்ற பொருள்படும் நூலில், வடக்கே யூகான் பகுதியின் மூத்த பெண்களான ஆஞ்சலா சிட்னி, கிட்டி ஸ்மித், ஆனி நெட் ஆகியோர் சொன்ன கதைகள் வருகின்றன. அவர்கள் மரபில் பனியாறு உயிருள்ளது, காது கேட்பது, மூக்கும் உள்ளது. அதன் அருகே கொழுப்பில் வறுத்துச் சமைத்தால் அதற்குப் பிடிக்காது. திமிராகப் பேசினால் பொங்கி எழும். திடீரென்று முன்னேறிப் பள்ளத்தாக்கை அடைத்து, வெள்ளத்தை அவிழ்த்துவிடும் பனியாறுகளின் அருகே பல தலைமுறைகள் வாழ்ந்தவர்களின் எச்சரிக்கை அந்தக் கதைகளில் இருக்கிறது. அடுப்படியில் சொல்லப்பட்டதால் அதை யாரும் நெடுநாள் அறிவாக எண்ணவில்லை.

2016இல் மார்க் கேரியும் மூன்று சக ஆய்வாளர்களும் பெண்ணியப் பார்வையில் பனியாற்றியல் என்ற கருத்தை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பனியைப் பற்றிய அறிவை உருவாக்கியவர்கள் யார், யாருடைய அறிவு வெளியே நிறுத்தப்பட்டது என்பது அவர்களின் கேள்வி. ஊடகங்களில் அது பெரும் கேலிக்கு ஆளானது. பனிக்கட்டிக்கு ஆண் என்ன, பெண் என்ன என்று சிரித்தார்கள். பனிக்கட்டிக்கு இல்லைதான். ஆனால் அதன்மேல் நிற்க அனுமதிக்கப்பட்டவர்களுக்கு இருந்தது. பிரிட்டனின் அண்டார்க்டிக் ஆய்வு அமைப்பு 1980கள்வரை பெண் ஆய்வாளர்களைக் களப்பணிக்கு அங்கே அனுப்பவில்லை.

பனி போன இடம்

நண்பகலுக்குச் சற்றுப் பின் பாதை தேய்ந்து, வழவழப்பான பாறைச் சரிவில் முடிந்தது. பனியாறு அங்கே இல்லை. இன்னும் மேலே, பாறைத் தோளின் விளிம்பில், வெண்மையும் நீலமுமாக அதன் ஓரம் தெரிந்தது. 1887இல் படமெடுத்த காலத்திலிருந்து அதன் நுனி ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கிவிட்டது. சரிவிலிருந்து இறங்கிய நூற்றுக்கணக்கான நீர்க்கோடுகளின் சத்தம் மட்டும் இருந்தது. பாறைமீது உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டேன். எண்ணெயில் வறுத்தது எதுவும் கொண்டுவரவில்லை.

நான் உட்கார்ந்த பாறை மேரியின் காலத்தில் பல மீட்டர் பனிக்கு அடியில் இருந்தது. அவர் நடந்த தரையில் நான் நிற்க முடியாது, ஏனென்றால் அவர் நடந்தது பனிமேல். அது உருகி ஆறாகிக் கடலுக்குப் போய்விட்டது. கையில் இருப்பது அவர் எழுதிவைத்த தூரங்களும் கண்ணாடித் தகடுகளும்தான். அவை இல்லாவிட்டால் இந்தப் பனி முன்பு எங்கே இருந்தது, எந்த ஆண்டில் எவ்வளவு போனது என்று இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிந்திருக்காது.

மேரியின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1914இல், ஐம்பத்து மூன்று வயதில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவரான புவியியலாளர் சார்லஸ் வால்காட்டை மணந்தார். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் வீட்டை நடத்திய மகள் போவதை அவரால் ஏற்க முடியவில்லை. மேரி போனார். மலைகளுக்கு வருவதை விடவில்லை. பல ஆண்டுகளாக வரைந்த காட்டுப்பூக்களின் ஓவியங்கள் 400, ஐந்து தொகுதிகளாக 1925 முதல் ஸ்மித்சோனியன் வெளியீடாக வந்தன. 1933இல் பெண் புவியியலாளர் சங்கத்தின் தலைவரானார். 1940இல் இறந்தார். இன்று அவரைத் தெரிந்தவர்களில் பலருக்குப் பூ வரைந்த அம்மையாராகவே தெரியும். பூ வரைவது பெண்ணுக்குப் பொருந்தும் வேலை, ஆகவே அது நினைவில் தங்கியது.

மாணவிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆவணக் காப்பகத்தில் 'இன்னாரின் அக்கா', 'இன்னாரின் மனைவி', 'உதவிக்கு உடன் சென்றவர்' என்ற சொற்களைக் கண்டால் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அந்த இடத்தில் நின்று கேளுங்கள்: உடன் சென்றவர் என்ன செய்தார்? கணக்கு யார் கையெழுத்தில் இருக்கிறது? அந்த ஆண் இறந்த பின்பும் பதிவு தொடர்ந்ததா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் கிடைத்தால், வேலை செய்தவர் யார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

2025ஐப் பனியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அதற்கான விளம்பரங்களில் அன்றைய படமும் இன்றைய படமும் அருகருகே வைக்கப்படுவது வழக்கம். அப்படி ஒரு ஜோடியைப் பார்க்கும்போது, முதல் படத்தின் காமிராவுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று தேடிப் பாருங்கள். இல்லிசிலவெட்டின் படமாக இருந்தால், அங்கே ஒரு அக்கா நின்றிருக்கலாம்.